காணித் தரகர் தம் உதவியாளருக்கு ஊதியம் வழங்கிய வரலாறு

மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான். கடலுக்கு அடியில் கம்பி போட்டுக் கனடாவுடன் கதைக்கிறான். ஆனால் காணித் தரகர் ஒருவர் தம் உதவியாளருக்கு ஊதியம் வழங்குவது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை எந்த நாட்டிலும் விடை காணப்படவில்லை. அதைக் கண்ட பெருமை கிளிநொச்சிக்கு உரியது. கிளிநொச்சியிலும் ஏ-ஒன்பது வீதியோரம் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் எமது நிலையத்துக்கு உரியது. நிலையத்திலும், தன்னடக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னால், எனக்கே உரியது.

என் பெயர் கிறகோரி. ‘வன்னி விடியல் காணி ஆலோசனை மற்றும் ஆதன அபிவிருத்தி நிலைய’த்தின் நிறுவுநர், பணிப்பாளர், தலைமை ஆலோசகர் ஆகிய மூவரும் நானே. என்னைத் தெரியாதவர்கள் ‘புறோக்கர் கிறகோரி’ என்பார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் ‘கருவாட்டுக் கிறகோரி’ என்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் பதினெட்டு வருடம் கருவாடு விற்றவன் நான். கருவாட்டுக்கும் காணிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டையும் கொஞ்சம் தூரத்தில் வைத்துக் காட்டி விற்பது நல்லது.

நிலையத்தில் ஒரு சுழல் கதிரையும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் உண்டு. சுழல் கதிரையில் நான் இருந்து ரொறன்ரோவுடனும் சூரிச்சுடனும் தொலைபேசியில் கதைப்பேன். “ஓம் அண்ணை, தங்கமான காணி அண்ணை, கிணத்துத் தண்ணி தேன் அண்ணை” என்று சொல்வேன். அது தேனா உவரா என்று வாளி விட்டு அள்ளிக் குடித்துப் பார்ப்பது என் உதவியாளர் நிறஞ்சனாவின் வேலை. பற்றைக்குள் புகுந்து எல்லைக்கல் தேடுவது, பக்கத்துக் காணிக்காரரிடம் பேச்சு வாங்குவது, பத்திரங்களுக்காகக் கச்சேரியில் வரிசையில் நிற்பது, காணிக்குச் சொந்தக்காரர் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பது, இவையும் அவருடைய வேலைகளே. பிளாஸ்ரிக் கதிரை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதனால் அது இன்னும் புதுசு.

ஆறு வருடங்களுக்கு முன் அவரை வேலைக்கு எடுத்தபோது, வரும் தரகுப் பணத்தில் நாலில் ஒரு பங்கு அவருக்கு என்று வாயால் பேசிக்கொண்டோம். அதைவிட, பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் என்று மாதாமாதம் பதினையாயிரம் ரூபா கொடுத்து வந்தேன். அதை நான் ஒருபோதும் ‘சம்பளம்’ என்று சொன்னதில்லை. சொன்னால் அவர் அதைச் சம்பளம் என்று நினைத்துவிடுவார். பிறகு கூட்டிக் கேட்பார்.

முதலாவது காணி பூநகரியில் விலைப்பட்டது. கடலோரம், எட்டு ஏக்கர். நிறஞ்சனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு பஸ்ஸில் போய், அதே பஸ்ஸைத் திரும்பும்போது தவறவிட்டு, பதினொரு தடவை அலைந்து முடித்த காணி.

“அண்ணை, பூநகரிக் காணி முடிஞ்சுதெல்லோ. என்ர பங்கு?” என்று கேட்டார்.

“பிள்ளை, இந்தக் காணியால உமக்கு என்ன கிடைச்சுது எண்டு யோசிச்சுப் பாத்தீரோ?”

“ஒண்டும் கிடைக்கேல்லை.”

“அனுபவம்!” என்றேன்.

“சரி அண்ணை. அடுத்த காணிக்குக் காசாத் தாங்கோ” என்றார்.

அடுத்த காணிக்கும் நான் அனுபவத்தையே வழங்கினேன். அதற்கடுத்த காணிகளுக்கும் அப்படியே. அனுபவத்தில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் கொடுப்பவரிடம் குறைவதில்லை.

மூன்றாம் வருடம் நிலையம் நவீனமயமானது. என் மனைவி சுசிலாவின் தம்பி வின்சன் ரொறன்ரோவில் டோனட் கடையொன்றில் வேலை பார்க்கிறான். அவன் இணையவழியில் மூன்று கிழமை ‘மனிதவள முகாமைத்துவம்’ படித்துச் சான்றிதழ் எடுத்தான். கடனை வாங்கிப் படித்தவன் சும்மா இருப்பானா? ஊழியர்களுக்குப் பதவிப் பெயர்தான் உண்மையான ஊதியம் என்று எனக்கு அறிவுறுத்தினான். அன்றே நிறஞ்சனாவை ‘சிரேஷ்ட நிறைவேற்று உதவியாளர்’ ஆக்கினேன். பித்தளை எழுத்தில் பெயர்ப்பலகையும் அடித்துக் கொடுத்தேன்.

“இது எவ்வளவு அண்ணை?” என்று பலகையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“நாலாயிரத்து ஐந்நூறு!” என்றேன், பெருமையுடன்.

“அந்தக் காசைத் தந்திருந்தால் என்ர மகளுக்குச் சப்பாத்து எடுத்திருப்பன்.”

ஊழியருக்குத் தொலைநோக்கு இல்லாவிட்டால் முதலாளி என்ன செய்வது? மறுவருடம் ‘ஆண்டின் மிகச் சிறந்த உதவியாளர்’ விருதை ஏற்படுத்தினேன். போட்டி கடுமையாக இருந்ததாக என் உரையில் குறிப்பிட்டேன். எங்கள் நிலையத்தில் உதவியாளர் ஒருவர்தான். விருதுக் கேடயத்தை அவர் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். பரிசு பயன்படுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த வருடம் யூன் மாதம் வந்தது. முதல் கிழமை, காலைநேரம். நிறஞ்சனா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சேர்” என்றார்.

ஆறு வருடமாக ‘அண்ணை’ என்று அழைத்தவர். என்னை உயர்த்திவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நம்மவர் வாயில் மரியாதை திடீரென்று கூடினால் பயப்பட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சுழல் கதிரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

“சேர், மாங்குளத்தில நாங்கள் வாடகைக்கு இருக்கிற வளவை பாத்தும்மா மாமி விக்கப்போறா. அவா இப்ப வவுனியாவில மகளோடயெல்லோ. கொழும்புக்காரர் ஒராள் முழுக்காசோட வந்து கேட்டவராம். ‘நீ ஒன்பது வருசமா இருக்கிற பிள்ளை, முதல் உனக்குத்தான்’ எண்டு மாமி சொன்னவா. முப்பதாம் திகதி புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மாங்குளத்துக்கு வருவா. அப்ப ஏழு லட்சம் முற்பணம் குடுக்கோணும். மிச்சத்தை மாசம் மாசம் கட்டலாம்.”

“நல்ல விஷயம். என்ர ஆசீர்வாதம்” என்றேன்.

“என்ர மனிசன் ரூபன் மேசன் வேலையில சேத்த காசு இருபதாயிரம் இருக்கு. மிச்சம் ஆறு லட்சத்து எண்பதாயிரம். நீங்கள் எனக்குத் தரவேண்டியதும் அதேதான் சேர். இருபத்து மூண்டு காணி.”

“கொழும்புக்காரர் வாங்கினால் என்ன? நல்ல மனிசராயும் இருக்கலாமெல்லோ?”

“எழும்பச் சொல்லுவார். நான் பிறந்ததில இருந்து ஏழுதரம் இடம்பெயர்ந்தனான் சேர். இன்னொருக்காப் போக என்னால ஏலாது. இந்தமுறை சண்டையில போனம் எண்டு சொல்லவும் ஏலாது.”

என் கண்கள் கலங்கிவிட்டன. இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் கல்நெஞ்சனா? உடனடியாக ஒரு குழுவை அமைத்தேன்.

‘ஊதிய மீளாய்வுக்கான உயர்மட்டக் குழு’வின் தலைவர் நான். சர்வதேச நிபுணர் வின்சன். கூட்டக் குறிப்பு எழுதுவதற்கு ஒரு செயலாளர் தேவைப்பட்டார். பிழையில்லாமல் எழுதக்கூடியவர் நிலையத்தில் ஒருவர்தான் என்பதால் நிறஞ்சனாவையே நியமித்தேன். அவருக்கு ஊதியம் கொடுக்கலாமா என்பதைப் பற்றிய கூட்டத்தின் குறிப்பை அவரே எழுதினார். வெளிப்படைத்தன்மை என்றால் அதுதான்.

வின்சன் கைத்தொலைபேசித் திரையில் தோன்றினான்.

“அத்தான், இப்ப உலகத்தில சம்பளம் எண்ட சொல்லே பாவனையில இல்லை.”

“அப்ப என்னெண்டு சொல்லுறவை?”

“பயணம். ஊழியர் எங்களோட சேர்ந்து ஒரு பயணம் வாறார்.”

நிறஞ்சனா பேனையை நிறுத்தினார். “பயணம் எண்டே எழுதவோ சேர், இல்லாட்டி பஸ் காசு எண்டு எழுதவோ?”

“பயணம் எண்டு எழுதும்” என்றேன்.

“முக்கியமான விஷயம், அத்தான்” என்றான் வின்சன். “காசைக் கையில குடுத்தால் அவை காசுக்காக வேலை செய்யத் தொடங்கீடுவினம். அது நிறுவனத்துக்குக் கூடாது.”

“இப்ப எதுக்காகச் செய்யினம்?”

“அதை ஆராயோணும்.”

ஆராய்வதற்காகக் கூட்டத்தை அடுத்த கிழமைக்கு ஒத்திவைத்தோம். அடுத்த கிழமை வின்சனுக்கு டோனட் கடையில் வேலை நேரம் மாறியதால் அதற்கடுத்த கிழமைக்கு ஒத்திவைத்தோம். பதினெட்டாம் திகதி நடந்த இரண்டாவது அமர்வில் அவன் ஒரு பொன்மொழியை உதிர்த்தான்.

“ஊழியரை உரிமையாளராக்குங்கோ, அத்தான். பங்கு குடுங்கோ. காசாய் இல்லை, மண்ணாய்.”

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது.

அந்த நேரத்தில் எங்கள் நிலையத்தின் மகத்தான திட்டம் ‘ரொறன்ரோ கார்டன்’. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்நோக்கி நீளும் நாலு ஏக்கர். தரகு வேலையிலிருந்து நான் சொந்தக் காணிக்குத் தாவிய முதல் பாய்ச்சல். பணம் வின்சனுடையது, மூளை என்னுடையது, கால் நிறஞ்சனாவுடையது. நில அளவையாளர் துசியந்தன் அதை இருபத்திரண்டு துண்டுகளாகப் பிரித்து வரைபடம் கீறியிருந்தார். இருபத்திரண்டுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் முற்பணம் கட்டிவிட்டார்கள்.

வரைபடத்தின் நடுவில், வீதியிலிருந்து கடைசித் துண்டு வரை, எல்லாத் துண்டுகளுக்கும் போகும் வழியாக, நீளமாக ஒரு வெறும் பட்டை கிடந்தது. இருபதடி அகலம், அறுநூறடி நீளம். துசியந்தன் அதற்கும் ஓர் இலக்கம் போட்டிருந்தார்: இருபத்து மூன்று. ஒழுங்கை.

யோசித்துப் பாருங்கள். கால் ஏக்கருக்கும் கூடிய நிலம். அதில் வீடு கட்ட முடியாது. கிணறு வெட்ட முடியாது. மாடு கட்டினால் வாகனம் அடிக்கும். ஒரு சதத்துக்கும் விற்க முடியாது. ஊதியமாகக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொருளை இறைவன் இனித்தான் படைக்க வேண்டும்.

“பிள்ளை, உம்மை நான் நில உடைமையாளர் ஆக்கப்போறன்” என்று வரைபடத்தை விரித்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். “இது ஒழுங்கையெல்லோ சேர்?”

“ஒழுங்கை எண்டு இளக்காரமாச் சொல்லாதையும். ஏ-ஒன்பதுக்கு முகப்பு வைச்ச காணி! இந்த வீதியில இருபதடி முகப்பு என்ன விலை போகுது எண்டு உமக்குத் தெரியாததோ?”

“இதில நான் என்ன செய்யிறது?”

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது, பிள்ளை.”

“இது தானமில்லை சேர். சம்பளம்” என்றார்.

ரூபனோடு கதைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் காலையில் வந்து, “சரி சேர், எழுதுவம்” என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பதாம் திகதியைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் நினைவூட்டவில்லை. பிறருடைய குடும்ப விஷயத்தில் தலையிடுவது நாகரிகம் அல்ல.

காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதியவர் நொத்தாரிசு நவ்பர். வவுனியாவிலிருந்து வந்து கிளிநொச்சியில் அலுவலகம் போட்டிருப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என்னமோ பேசினார்.

“கிறகோரி அண்ணை, இது மற்ற இருபத்திரண்டு துண்டுக்கும் போற பாதையெல்லோ? அந்தக் காணிகளுக்கு வழி உரிமையை ஒதுக்கி ஒரு பந்தி சேப்பமா?”

“அதுக்கு எவ்வளவு முடியும்?”

“அளவையாளர் ஒரு குறிப்பு எழுதித் தரோணும். எல்லாமா ஒரு ஏழாயிரம்.”

ஏழாயிரம்! “வேண்டாம், நவ்பர்” என்றேன். “ஊழியருக்குச் சம்பளம் குடுக்கேக்குள்ள நிபந்தனை போடுறது சுரண்டல்.”

நவ்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். உறுதியில் காணியின் விலை ஆறு லட்சத்து எண்பதாயிரம் என்று போட்டோம். அந்தத் தொகை சம்பள நிலுவையில் கழிந்தது என்றும் ஒரு வசனம் சேர்த்தோம். அந்த வசனம் என்னுடையது. நிறஞ்சனா உறுதியை மூன்று தடவை வாசித்தார்.

“பாதை முழுக்க என்ர பேரிலதானே, நவ்பர் ஐயா?”

“முழுக்க, தங்கச்சி.”

“வேற ஆருக்கும் ஒரு உரிமையும் ஒதுக்கேல்லையே?”

நவ்பர் என்னைப் பார்த்தார். நான் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்து, படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். “இல்லை” என்றார் நவ்பர். நிறஞ்சனா கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது சுசிலா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளைக்குக் காசு குடுத்தாச்சோ?”

“காசென்ன காசு, காணியே குடுத்திட்டன்.”

“நீங்களோ? என்ன காணி?”

“ரொறன்ரோ கார்டனில ஒழுங்கை.”

சுசிலாவின் கை நின்றது. “ஒழுங்கையைக் குடுத்திட்டு வந்தனீங்களோ?” என்று கேட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். துருவலை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் நிர்வாகத் திறமையை மெச்சி அவள் இவ்வளவு நேரம் சிரித்ததை இருபத்தேழு வருட மணவாழ்வில் நான் கண்டதில்லை.

இருபத்திரண்டு துண்டுகளுக்கும் உறுதி முடிக்கும் விழாவுக்கு முப்பதாம் திகதி புதன்கிழமையைத் தெரிவு செய்தேன். நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன், நாள் பார்ப்பதில்லை. ஆனால் வாங்குபவர்கள் பார்ப்பார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே! மதியம் ஒன்றரை மணிக்கு மூன்று வான் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். விடுமுறைக்கு வந்த சுவிஸ்காரர், பிரான்ஸ்காரர், வர முடியாதவர்களின் மாமன் மச்சான்மார். முன்னால் நான், பட்டுவேட்டியுடன், கையில் கத்தரிக்கோலுடன்.

ஒழுங்கை வாயில் நாடா கட்டச் சொல்லியிருந்தேன். நாடா இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு படலை இருந்தது.

இரண்டு பக்கமும் புதிய சீமெந்துத் தூண். தூண்களைப் பார்த்ததும் ரூபனின் கைவேலை என்று தெரிந்தது, அவ்வளவு நேர்த்தி. நடுவில் தகரம் அடித்த படலை. படலையில், பித்தளை எழுத்தில் நான் அடித்துக் கொடுத்த பெயர்ப்பலகை.

“இதென்ன படலை?” என்று கேட்டார் சுவிஸ்காரரான நிஷாந்தன். இரண்டு துண்டுக்கு முற்பணம் கட்டியவர்.

“பாதுகாப்பு ஏற்பாடு” என்றேன்.

“ஆற்ற பேர் கிடக்குது?”

நுணலும் தன் வாயால் கெடும். சபையைக் கண்டால் எனக்கு உரை வந்துவிடும். “எங்கட சிரேஷ்ட நிறைவேற்று உதவியாளரின்ர பேர். ஊழியரை உரிமையாளராக்கின முதல் நிறுவனம் வடக்கில எங்கட நிலையம்தான். இந்தப் பாதையை முழுசா அவாவுக்கே எழுதிக் குடுத்திட்டம்!” என்று அறிவித்தேன்.

கைதட்டலை எதிர்பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினேன். ஒருவரும் தட்டவில்லை.

“அப்ப நாங்கள் எங்கட காணிக்கு எதால போறது?” என்றார் நிஷாந்தன்.

உறுதி முடிக்க வந்திருந்த நவ்பரைப் பார்த்தேன். நவ்பர் பாலைமரத்தைப் பார்த்தார்.

“நவ்பர், சட்டத்தில வழி இருக்குமெல்லோ?”

“இருக்கு அண்ணை. வழக்குப் போட்டால் கிடைக்கும். ஒரு பத்து வருசம்.”

“அதுவரைக்கும்?”

“ஹெலிகொப்டர்தான்.”

படலைக்கு உள்ளேயிருந்து நிறஞ்சனா வந்தார். “வாங்கோ, எல்லாரும் வாங்கோ” என்று படலையைத் திறந்துவிட்டார். “பூட்டேல்லை. கேட்டிட்டு வந்தால் ஆரும் வரலாம், போகலாம். ஆனால் உங்கட உறுதியில பாதை எண்டு எழுத ஏலாது. நான் ஆறு வருசமாக் காணி பாக்கிறன். பாதை எழுதாத காணியை வாங்காதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லோணும்.”

“முற்பணத்தைத் திருப்பித் தாரும், கிறகோரி” என்றார் நிஷாந்தன். பிரான்ஸ்காரர் அதையே சொன்னார். மாமன் மச்சான்மார் வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கத் தொடங்கினார்கள். நான் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வானுக்குப் பின்னால் போய் வின்சனை அழைத்தேன்.

“அத்தான், என்ன கேட்டாலும் குடுங்கோ!” என்று கத்தினான். “நாப்பது லட்சமோ? குடுங்கோ! அம்பதோ? குடுங்கோ!”

“காசாக் குடுத்தால் காசுக்காக வேலை செய்யத் தொடங்கீடுவினம் எண்டு…”

“விசர்க்கதை கதையாதேங்கோ, அத்தான்! என்ர வீட்டை ஈடு வைச்ச காசு அது!”

மனிதவளம் பற்றி அவன் சொன்ன கருத்துகளில் இது ஒன்றுதான் எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது. திரும்பிப் படலைக்கு வந்தேன். மனசுக்குள் ஐம்பது லட்சத்துக்குத் தயாராகிவிட்டேன்.

“சொல்லும், பிள்ளை. எவ்வளவு?”

“ஆறு லட்சத்து எண்பதாயிரம்.”

“அவ்வளவோ?”

“அவ்வளவுதானே நீங்கள் எனக்குத் தரோணும். உறுதியிலயும் அந்த விலைதான் கிடக்குது. அதைத் தந்தால் பாதையை உங்கட பேருக்கே திருப்பி எழுதித் தாறன்.”

“நீர் கூடக் கேட்டாலும்…”

“கூடக் கேக்கிறது உங்கட தொழில், சேர். நான் சம்பளம் கேக்கிறன்.”

ஐம்பது லட்சம் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு, நன்றி கெட்ட பிறவி, உப்பிட்ட வீட்டுக்கு உலை வைத்தவள் என்று ஆனையிறவு தொடக்கம் வவுனியா வரை சொல்லித் திரிந்திருப்பேன். செத்த பிறகு என் கல்லறையிலும் எழுதி வைக்கச் சொல்லியிருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

“எப்பிடி வேணும்? காசோலையோ, இல்லாட்டி ஒரு பகுதி இப்ப…” என்று இழுத்தேன்.

“காசாய். வங்கி மூண்டு மணிக்குப் பூட்டீடும். நாலு மணிக்குப் பாத்தும்மா மாமி வந்து நிப்பா.”

வாங்குபவர்களை நவ்பரிடமும் குளிர்பானத்திடமும் ஒப்படைத்துவிட்டு நாங்கள் கிளிநொச்சிக்குப் போனோம். நான் வானில், நிறஞ்சனாவும் ரூபனும் மோட்டார் சைக்கிளில் பின்னால். வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்குள் இருந்த கருவாட்டுக் கிறகோரி, ஏதாவது ஒழுங்கையில் திரும்பிவிட முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை.

வங்கியில் இருபத்திரண்டு பேரின் முற்பணமும் என் பெயரில் கிடந்தது. மூன்று மாதமாகக் கிடக்கிறது. அதற்கு முன் இருபத்து மூன்று காணிகளின் தரகும் அங்கேதான் வந்து போனது. காசு இல்லாத காரணத்தால்தான் நான் குழு அமைத்தேன் என்று யாராவது இரக்கப்பட்டிருந்தால், தயவுசெய்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மணி இரண்டே முக்கால். கருமபீடத்தில் இருந்த பெண்ணின் பெயர் தர்மிளா என்று சட்டையில் குத்தியிருந்தது. இளம்பெண். நான் நீட்டிய படிவத்தைப் பார்த்தார்.

“பெரிய தொகையெல்லோ சேர். என்ன தேவைக்கு எண்டு எழுதோணும்.”

‘காணிக் கொள்வனவு’ என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

“என்ன காணி சேர்?”

“ஒரு ஒழுங்கை.”

“ஆரிட்ட வாங்கிறீங்கள்?”

“என்ர உதவியாளரிட்ட. இந்தா, பின்னால நிக்கிறா.”

“அவாவுக்கு ஒழுங்கை எப்பிடி வந்தது?”

“நான் குடுத்தனான்.”

“ஏன் குடுத்தனீங்கள்?”

“சம்பளத்துக்குப் பதிலா.”

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். “அப்ப சம்பளத்தையே குடுத்திருக்கலாமே, சேர்?”

வரிசையில் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். எந்த வாடிக்கையாளர் எந்தக் கேள்வி கேட்டாலும் திரும்பி நிறஞ்சனாவைப் பார்ப்பதுதான் என் பழக்கம். பதிலை அவர் சொல்லுவார். அப்போதும் திரும்பிப் பார்த்தேன்.

“சொல்லுங்கோ சேர்” என்றார் நிறஞ்சனா.

அனுபவம், பதவி, பயணம், மீளாய்வு என்று எத்தனையோ சொற்கள் தொண்டை வரைக்கும் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“குடுக்க மனம் வரேல்லை, பிள்ளை” என்றேன்.

தர்மிளா தலையை ஆட்டினார். பேனையை எடுத்து, ‘காணிக் கொள்வனவு’ என்பதை நேர்கோட்டில் வெட்டி, அதற்கு மேலே ‘சம்பளம்’ என்று எழுதினார். “திருத்தினதுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கையெழுத்து வையுங்கோ சேர்” என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்.

வைத்தேன். எங்கள் நிலையத்தின் வரலாற்றில் வழங்கப்பட்ட முதலாவது சம்பளச் சீட்டு அதுதான். அந்தச் சொல்லையும் நான் எழுதவில்லை.